‘போல’ என்னும் சொல்லின் அறம்: ‘அனைத்துயிர் அவை’ச் சடங்கு குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

இயற்கையிலிருந்து விலகிய மனிதரை மீண்டும் இயற்கையோடு இணைக்கும் நோக்கில் 1985ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் உருவான குழுச்சடங்கு ‘அனைத்துயிர் அவை’. ஜோனா மேசியும் ஜான் சீடும் உருவாக்கிய இச்சடங்கில் பங்கேற்போர் முகமூடி அணிந்து விலங்காகவும் மரமாகவும் ஆறாகவும் பேசுகின்றனர். இச்சடங்கின் அடிப்படை நூலான ‘மலையைப் போலச் சிந்தித்தல்: அனைத்துயிர் அவையை நோக்கி’ (1988) என்னும் ஆங்கிலத் தொகுப்பை மையமாகக் கொண்டு, பிற உயிரின் குரலில் மனிதர் பேசுவதன் அறத்தை இக்கட்டுரை ஆராய்கின்றது. சொல்லும் திறனற்ற பொருள்களின் பேச்சுக்குத் தொல்காப்பியம் விதிக்கும் ‘போல’ என்னும் வரையறை இங்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது. அவ்வரையறை நிலைபெறும் இடங்களில் இச்சடங்கு கேட்கும் பயிற்சியாகின்றது. நழுவும் இடங்களில் பிறர் குரலைக் கைக்கொள்ளும் செயலாகிவிடுகின்றது என்பதே இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: அனைத்துயிர் அவை, ஆழ்நிலைச் சூழலியல், சடங்கு, கற்பனை, தொல்காப்பியம், செய்யுளியல், வேல் பிளம்வுட், அருணாசலம்.

1. முன்னுரை

சூழலியல் குறித்த பேச்சு இன்று பெரும்பாலும் எண்களால் ஆனது. அழிந்த காட்டின் பரப்பு, உயர்ந்த வெப்பநிலை, அருகிவரும் உயிரினங்களின் பட்டியல் எனச் செய்திகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றை அறிந்தோர் அனைவரும் அவற்றால் அசைக்கப்படுவதில்லை. அறிவதற்கும் அசைவதற்கும் இடையிலான இந்த இடைவெளியைச் சடங்கின் வழியாகவும் கற்பனையின் வழியாகவும் கடக்க முயன்ற குழுக்கூடல்களுள் குறிப்பிடத்தக்கது ‘அனைத்துயிர் அவை’.

இவ்வவையைப் பாராட்டுவோர் இதனைப் பழங்குடிச் சடங்குகளின் மறுபிறப்பு என்பர். மறுப்போர் இதனை வசதி படைத்தோரின் நாடகப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவர். இவ்விரு நிலைப்பாடுகளும் சடங்கின் உள்ளமைப்பை உற்றுநோக்குவதில்லை. ஆறு ‘நான்’ என்று பேசும்போது உண்மையில் பேசுபவர் யார்? அப்பேச்சுக்கு அவருக்குள்ள உரிமை யாது? அப்பேச்சைச் சரிபார்ப்பவர் எவர்? இலக்கியத் திறனாய்வு நெடுங்காலமாகப் பயின்றுவரும் இவ்வினாக்களே இச்சடங்கை மதிப்பிடவும் உதவுகின்றன. நூலில் விளக்கப்பட்டுள்ள சடங்கு வடிவமே இங்கு ஆய்வுப்பொருள். பிற்காலத்தில் பல நாடுகளில் நிகழ்ந்த தனித்தனிக் கூடல்களின் வேறுபாடுகளுக்குள் இக்கட்டுரை புகவில்லை.

2. அவையின் தோற்றமும் பின்புலமும்

நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியிலுள்ள டெரானியா ஓடைப் பகுதியில் 1979ஆம் ஆண்டு மழைக்காட்டு மரங்களை வெட்டும் முயற்சிக்கு எதிராக மக்கள் திரண்டு மறியல் செய்தனர். அப்போராட்டத்தில் பங்கேற்றவர்களுள் ஒருவர் ஜான் சீட். மழைக்காடுகளைக் காக்கும் முடிவை அம்மாநில அரசு 1982இல் எடுத்தது. 1983இல் நைட்கேப் தேசியப் பூங்கா அமைந்தது. போராட்டம் வென்றது. எனினும் ஒரு காட்டைக் காக்கும் காலத்திற்குள் உலகெங்கும் எத்தனையோ காடுகள் வீழ்கின்றன என்பதைச் சீட் உணர்ந்தார். காட்டைக் காக்க மனித மனமே மாறவேண்டும் என்னும் எண்ணம் அவரிடம் இவ்வாறு வலுப்பெற்றது.

ஜோனா மேசி அமெரிக்கப் பௌத்த அறிஞர். அணுஆயுதப் போட்டி உச்சத்தில் இருந்த காலத்தில், மக்களின் செயலின்மைக்குக் காரணம் அக்கறையின்மை அன்று. துயரத்தை எதிர்கொள்ளும் அச்சமே என்று அவர் கருதினார். அத்துயரைக் கூட்டாக வெளிப்படுத்தும் பயிலரங்குகளை நடத்தினார். 1983இல் வெளிவந்த அவருடைய நூல் இம்முறையை விரிவாக முன்வைத்தது. இவ்விரு மரபுகளும் 1985இல் ஆஸ்திரேலியாவில் சந்தித்தபோது அனைத்துயிர் அவை பிறந்தது.

இதற்குரிய தத்துவ அடித்தளத்தை நார்வே நாட்டு மெய்யியலாளர் ஆர்னே நேஸ் அளித்தார். 1973இல் வெளியான கட்டுரையில் அவர் முன்வைத்த ‘ஆழ்நிலைச் சூழலியல்’, இயற்கையை மனிதப் பயன்பாட்டால் மட்டும் மதிப்பிடும் மானுடமையவாதத்தை மறுத்தது. 1988இல் வெளிவந்த தொகுப்பு நூலின் ஆசிரியர்களாக சீட், மேசி, பாட் ஃப்ளெமிங், நேஸ் ஆகிய நால்வரும் அமைகின்றனர். நூலின் பெயர் அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டின் கட்டுரைத் தலைப்பிலிருந்து பெறப்பட்டது. தலைப்பிலேயே ‘போல’ இடம்பெற்றிருப்பது இவ்வாய்வில் முதன்மையாகக் கருதத்தக்கது.

3. சடங்கின் அமைப்பு

நூல் விவரிக்கும் சடங்கு துயருறல், நினைவுகூர்தல், பிற உயிரின் நிலையிலிருந்து பேசுதல் என மூன்று படிநிலைகளில் நகர்கின்றது.

முதற்படியில், அழிவின் விளிம்பிலுள்ள உயிரினங்களின் பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்க வாசிக்கப்படுகின்றன. மேசி எழுதிய உயிரினப் பட்டியல் இதற்கெனவே நூலில் இடம்பெற்றுள்ளது. அறிவியல் அறிக்கையில் தரவாகக் கிடக்கும் பெயர், கூட்டத்தின் நடுவே ஒலிக்கும்போது இரங்கலாகின்றது. தலைவனை இழந்தோர் கூடி ஆற்றாமையை வெளிப்படுத்தும் கையறுநிலைத் துறையை அறிந்த தமிழ் வாசகர்க்கு இதன் இயல்பு எளிதில் விளங்கும். தனியொருவர் துயரம் அவையேறும்போதே அது சமூகத்தின் இழப்பாகின்றது.

இரண்டாம் படியில், உயிரின் நெடிய பரிணாம வரலாறு கற்பனையில் மீள நடத்திப் பார்க்கப்படுகின்றது. மனித உடலின் நீரும் உப்பும் எலும்பும் எங்கிருந்து வந்தன என்பதைப் பங்கேற்போர் உடலசைவுகளோடு நினைவுகூர்கின்றனர். இங்குக் கற்பனை அறிவியலைத் துணைக்கொண்டு இயங்குகின்றது.

மூன்றாம் படியே அவை. பங்கேற்போர் தனித்தனியே வெளியிற் சென்று, தம்மை ஆட்கொள்ளும் ஓர் உயிரோ மலையோ ஆறோ மனத்தில் தோன்றக் காத்திருக்கின்றனர். அது குறித்த அறிவுத்தேர்ச்சி முன்நிபந்தனை அன்று. பின்னர்த் தாளும் வண்ணமும் இலைகளும் கொண்டு முகமூடி செய்கின்றனர். வட்டமாக அமர்ந்து, அவ்வுயிரின் நிலையில் நின்று தம் வாழ்வையும் துன்பத்தையும் கூறுகின்றனர். அடுத்து, சிலர் முகமூடியைக் களைந்து மனிதராக வட்டத்தின் நடுவே அமர்ந்து, மறுமொழி கூறாது கேட்கின்றனர். இறுதியில் ஒவ்வோர் உயிரும் தன் ஆற்றலொன்றை மனிதருக்குக் கொடையாக அளிக்கின்றது.

4. தொல்காப்பியம் தரும் அளவுகோல்

பேசாப் பொருளைப் பேசவைத்தல் கவிதைக்குப் புதிதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் இதற்கெனத் தனியொரு நூற்பா வகுக்கின்றது. கதிரவனும் நிலவும், கடலும் சோலையும், மரமும் விலங்கும் பறவையும், இவற்றோடு நாணமும் நெஞ்சும் உள்ளிட்டன பேசுவன போன்றும் செவிகொடுப்பன போன்றும் செய்யுளில் அமைக்கப்படலாம் என்பது அதன் கருத்து. இந்நூற்பா வழங்கும் உரிமை பெரிது. ஆயினும் அவ்வுரிமை ‘போல’ என்னும் உவம உருபோடு பிணைக்கப்பட்டே வழங்கப்படுகின்றது.

இதிலிருந்து மூன்று கருத்துகளைப் பெறலாம். ஒன்று, கடலிடம் பேசும் தலைவி கடலின் உள்ளத்தை அறிந்ததாக உரிமை கொண்டாடவில்லை. அவள் வெளிப்படுத்துவது தன் நெஞ்சையே. இரண்டு, ‘போல’ என்பது பேச்சைப் பொய்யாக்குவதில்லை. கற்பனை என்று அறிந்தே ஏற்கப்படும் ஓர் உறவுநிலையை அது உருவாக்குகின்றது. மூன்று, சொல்லுதலோடு கேட்டலும் இணைத்தே கூறப்படுவதால், உறவின் இரு முனைகளும் பேணப்படுகின்றன. இருவேறு பொருள்கள் இருந்தாலன்றி உவமை இல்லை. உவமிக்கப்படுவதும் உவமையும் ஒன்றாகிவிட்டால் ‘போல’ என்னும் சொல்லுக்கு இடமில்லாமற் போகும்.

நற்றிணையின் 172ஆம் பாடலை இங்கு நினைவுகூரலாம். தலைவியின் தாய், புன்னை மரத்தைத் தலைவிக்குத் தமக்கை என்று அறிமுகப்படுத்தியிருக்கிறாள். எனவே அம்மரத்தின் நிழலில் தலைவனோடு நகையாட நாணுவதாகத் தோழி உரைக்கிறாள். பாடல் முழுவதிலும் புன்னை ஒரு சொல்லும் பேசவில்லை. மரத்தோடு கொண்ட உறவு மனிதரின் நடத்தையில், அதாவது நாணத்தில், வெளிப்படுகின்றது. இயற்கையோடு உறவுகொள்ள அதனைப் பேசவைப்பது ஒன்றே வழியன்று என்பதற்கு இப்பாடல் சான்றாகின்றது. இவ்வளவுகோலைக் கொண்டு இனி அவையை நோக்கலாம்.

5. ‘போல’ நிலைபெறும் இடங்கள்

அவையின் மிகச் சிறந்த கூறு முகமூடியே. அது விரைந்து செய்யப்பட்டது. தாளும் இலையும் கொண்டது. அணிந்தவரின் உடலை முழுதும் மறைக்காதது. பருந்தின் முகத்திற்குப் பின்னிருந்து மனிதக் கண்கள் பார்ப்பதை எல்லாரும் அறிவர். தன்னை மறைப்பதற்கன்றி, தான் வேறொன்றாக நிற்க முயல்வதை வெளிப்படையாக அறிவிப்பதற்கே இம்முகமூடி பயன்படுகின்றது. இந்நிலையில் முகமூடியைக் கண்ணுக்குப் புலனாகும் உவம உருபு எனலாம்.

இரண்டாவது கூறு, மனிதர் நடுவே அமர்ந்து மறுமொழியின்றிக் கேட்டல். நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் மனிதர் பேசுகின்றனர். காடு பேசப்படும் பொருளாக இருக்கின்றது. இவ்வமைப்பை அவை தலைகீழாக்குகின்றது. தற்காத்துக்கொள்ளும் வாய்ப்பின்றிக் குற்றச்சாட்டைக் கேட்டிருக்கும் அந்தச் சிறுபொழுது, எந்த விரிவுரையாலும் தரவியலாத அனுபவமாகும். சற்றுமுன் ஆறாகப் பேசியவரே இப்போது மனிதராக அமர்ந்து கேட்பதால், இரு நிலைகளுக்கும் இடையிலான தொலைவும் அவருக்குப் புலப்படுகின்றது.

நூலின் தலைப்புக்கு மூலமான லியோபோல்டின் கட்டுரையும் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. 1949இல், அவர் மறைந்த மறு ஆண்டு, வெளியான நூலில் அது இடம்பெற்றது. இளம் வன அலுவலராக இருந்தபோது தாம் சுட்ட ஓநாயின் கண்களில் ஒளி மங்குவதைக் கண்டதாக அவர் எழுதுகிறார். ஓநாய் குறைந்தால் மான் பெருகும், அது வேட்டைக்காரருக்கு நன்மை என்பது அவருடைய அன்றைய நம்பிக்கை. பின்னர், ஓநாய் அற்ற மலைகளில் மான்கள் செடிகொடிகளை மேய்ந்து அழித்துத் தாமும் பட்டினியால் மடிவதைக் கண்டார். மலையைப் போலச் சிந்தித்தல் என்பது அவரிடத்தில் மலையாக மாறுதல் அன்று. வேட்டைக்காரரின் குறுகிய காலக்கணக்கை விட்டு, மலையின் நெடிய காலக்கணக்கில் தன் பிழையைக் காணுதலே அது. லியோபோல்ட் கடைசிவரை சுட்டவராகவே நிற்கிறார். மலையின் குரலில் அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. அக்கட்டுரையின் ஆற்றல் கள ஆய்வறிவாலும் குற்றவுணர்வாலும் ஆனது.

இவ்வொப்பீட்டால் அவையின் குறை ஒன்றும் வெளிப்படுகின்றது. ஆட்கொள்ளும் உயிர் குறித்த அறிவு வேண்டப்படாத நிலையில், பேசப்படுவது அவ்வுயிரின் வாழ்வா அல்லது அதன்மேல் ஏற்றப்பட்ட மனித உணர்வா என்று பிரித்தறிய வழியில்லை. ஓநாயைப் பற்றி அறியாதவர் ஓநாயாகப் பேசும்போது கேட்பது பெரும்பாலும் கதைப்புத்தகத்து ஓநாயின் குரலாகவே இருக்கும். இரண்டாம் படியில் அறிவியலைத் துணைக்கொண்ட கற்பனை, மூன்றாம் படியில் அத்துணையைக் கைவிடுவது அமைப்புநிலையில் ஒரு முரணாகும்.

6. ‘போல’ நழுவும் இடங்கள்

6.1 தன்னிலையின் விரிவு

நேஸ் 1986இல் மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்டாக் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரை இத்தொகுப்பில் இடம்பெற்றுள்ளது. மனிதரின் ‘நான்’ விரிந்து பிற உயிர்களையும் தன்னுள் அடக்கும்போது, இயற்கையைக் காப்பது தன்னைக் காப்பதாகிவிடும் என்பது அதன் சாரம். சீட் இதனை மேலும் கொண்டுசெல்கிறார். மழைக்காட்டைக் காப்பவர் தாம் அல்லர். மழைக்காட்டின் ஒரு பகுதியே தம்மில் சிந்திக்கத் தொடங்கித் தன்னைக் காத்துக்கொள்கின்றது என்பது அவர் நிலைப்பாடு.

இக்கருத்தின் உணர்வெழுச்சி மறுக்கவியலாதது. ஆயினும் ‘போல’ இங்கு நழுவுகின்றது. இதனைக் கூர்மையாகச் சுட்டியவர் ஆஸ்திரேலியச் சூழல்பெண்ணிய மெய்யியலாளர் வேல் பிளம்வுட். பிறவற்றைத் தன்னுள் அடக்கிக்கொள்ளும் விரிந்த தன்னிலை, ஆதிக்கத் தன்னிலையின் மற்றொரு வடிவமே. பிறிதின் பிறிதாம் தன்மையை அது ஏற்பதில்லை என்று அவர் வாதிட்டார். ஒன்றாகிவிடாமலும் விலகிவிடாமலும் வேற்றுமையை மதித்து நிற்கும் தோழமையே அவர் முன்வைத்த மாற்று.

பிளம்வுட்டின் வாழ்க்கை நிகழ்வொன்று இவ்வாதத்திற்கு அசாதாரணமான அழுத்தத்தைத் தருகின்றது. அவை தோன்றிய அதே 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில், ஆஸ்திரேலியாவின் காக்காடு தேசியப் பூங்காவில் தனியே படகில் சென்ற அவரை முதலை ஒன்று தாக்கியது. மும்முறை நீருக்குள் இழுத்துச் சுழற்றப்பட்டும் அவர் உயிர்தப்பினார். முதலைகளைப் பழிவாங்கும் நோக்கில் கொல்வதை அவர் எதிர்த்தார். பின்னாளில் அந்நிகழ்வைச் சிந்தித்து எழுதியபோது, மனிதர் பிற உயிருக்கு உணவாகவும் இருப்பவர் என்பதைத் தாம் கற்றதாகக் கூறினார். முதலையின் குரலில் அவர் பேசவில்லை. முதலையின் முன் தம் நிலை யாது என்பதையே பேசினார்.

அவையின் இறுதிப் பகுதியை இதனோடு ஒப்பிடுதல் வேண்டும். அங்கு வரும் உயிர்கள் மனிதரைக் கடிந்தாலும் முடிவில் கொடையளித்து வாழ்த்துகின்றன. காக்காட்டின் முதலை யாருக்கும் கொடையளிக்க வரவில்லை. எல்லா உயிரும் இறுதியில் மனிதரை ஆற்றுப்படுத்தவே கூடுகின்றன எனில், மானுடமையவாதத்தை மறுக்கத் தொடங்கிய சடங்கு வேறொரு வாயில் வழியே அதனிடமே திரும்பிவிடுகின்றது.

6.2 சியாட்டில் தலைவரின் பெயரில் ஓர் உரை

இத்தொகுப்பில் சியாட்டில் தலைவரின் செய்தி என்னும் தலைப்பில் ஓர் உரை சேர்க்கப்பட்டுள்ளது. தமிழ்ச் சூழலியல் வாசகர்க்கும் நன்கு அறிமுகமானது அது. சியாட்டில் தலைவர் 1854இல் ஆற்றியதாகக் கூறப்படும் உரையை ஹென்றி ஸ்மித் என்பவர் 1887இல்தான் செய்தித்தாளில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் பரவியுள்ள சூழலியல் வடிவமோ அதனினும் பிற்பட்டது. ‘ஹோம்’ என்னும் சூழலியல் படத்திற்காகத் திரைக்கதையாளர் டெட் பெர்ரி 1970களின் தொடக்கத்தில் எழுதிய உரைப்பகுதியே அது. படத்தில் பெர்ரியின் பெயர் விடுபட்டதால் அது தலைவரின் சொல்லாகவே வழங்கலாயிற்று. ஜெர்மானிய ஆய்வாளர் ருடால்ஃப் கைசர் 1980களில் இவ்வரலாற்றைத் தெளிவுபடுத்தினார்.

தொகுப்பாசிரியர்களின் கவனக்குறைவு என்று மட்டும் இதனைக் கடந்துவிட இயலாது. பெர்ரி செய்தது அவை செய்வதையே: பிறரொருவர் நிலையில் நின்று கற்பனையாகப் பேசினார். அவர் பெயர் இருந்தவரை அது ‘போல’ப் பேசிய பேச்சு. பெயர் விடுபட்டதும் அது சான்றாகிவிட்டது. தம் நிலத்தை இழந்த மக்களின் தலைவருக்கு அவர் கூறாத சொற்கள் உரிமையாக்கப்பட்டன. அவர் உண்மையில் கூறியிருக்கக்கூடியவற்றை மீட்கும் முயற்சி மேலும் கடினமாயிற்று. எழுத்துச் சான்றுகளைத் தேடிச் சரிபார்க்க ஏதேனும் வழியுள்ள ஒரு மனிதர் பொருட்டே இவ்வாறு நேருமெனில், மறுத்துரைக்க வாயற்ற மரத்தின் பொருட்டும் ஆற்றின் பொருட்டும் பேசுவோர் எத்துணைக் கவனமுடையவராதல் வேண்டும்!

6.3 நிலமும் பேசும் உரிமையும்

எவரும் எவ்வுயிராகவும் எவ்விடமாகவும் பேசலாம் என்பது அவையின் அடிப்படை நம்பிக்கை. டெரானியா ஓடை அமைந்துள்ள பகுதி பண்ட்ஜலுங் முதுகுடியினரின் நிலமாகும். ஆஸ்திரேலிய முதுகுடி மரபுகளில் ஓரிடத்திற்காகப் பேசும் உரிமை பிறப்பாலும் கற்றலாலும் பொறுப்பாலும் வருவது. சில கதைகளை அயலாருக்குச் சொல்லுதலும் விலக்கப்பட்டுள்ளது. 1985 அக்டோபர் 26 அன்று உலுரு நிலம் அதன் மரபுவழி உரிமையாளர்களான அனாங்கு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அப்பாறையின்மீது ஏறவேண்டாம் என்று வருவோரிடம் அவர்கள் நெடுங்காலம் வேண்டிவந்தனர். 2019இல் ஏறுதல் நிறுத்தப்பட்டது. பாறையைப் பேசவைப்பதற்கு முன், பாறையைக் குறித்துப் பேசும் உரிமையுடையோர் கேட்கப்படல் வேண்டும் என்பதற்கு இந்நெடிய வரலாறு சான்று. அதே நாட்டில் அதே ஆண்டில் தோன்றிய அவையில் காடும் ஆறும் இருக்கை பெறுகின்றன. அந்நிலத்திலிருந்து அகற்றப்பட்ட மனிதருக்கென அவ்வமைப்பில் தனியிடம் வகுக்கப்படவில்லை.

இராமச்சந்திர குகா 1989இல் எழுதிய ஆழ்நிலைச் சூழலியல் மறுப்பும் இதனோடு இயைகின்றது. சூழல் அழிவின் வேர் தொழில்வளமிக்க நாடுகளும் நகர்ப்புற மேட்டுக்குடியினரும் மேற்கொள்ளும் மிகைநுகர்விலும் படைப்பெருக்கத்திலும் உள்ளது. மனிதர் எதிர் இயற்கை என்னும் பகுப்பு இதனை மறைத்துவிடுகின்றது என்றார் அவர். அவையின் நடுவே ‘மனிதர்’ என்று ஒரே பெயரில் அமர்வோருள் காட்டை வெட்டுவித்தவரும், காட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவரும் ஒன்றாகவே குற்றஞ்சாட்டப்படுகின்றனர். பொறுப்பு எல்லார்மீதும் ஒருசேர வைக்கப்படுமிடத்து, எவரும் தனித்துப் பொறுப்பேற்க வேண்டியிராது.

7. அருணாசலம்: சடங்கும் உழைப்பும்

இவ்வவையை உருவாக்கியவர்களுள் ஒருவருக்குத் தமிழகத்தோடு நேரடித் தொடர்பு உண்டு. 1987இல் திருவண்ணாமலையிலிருந்து ஜான் சீடின் மழைக்காட்டுத் தகவல் மையத்திற்குக் கடிதமொன்று சென்றது. மரமற்றுக் கிடந்த அருணாசல மலையை மீண்டும் பசுமையாக்க உதவுமாறு அதில் வேண்டப்பட்டிருந்தது. தொடர்ந்து அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி என்னும் அமைப்பு உருவாயிற்று. ஆஸ்திரேலியாவிலிருந்து நிதியுதவி திரட்டப்பட்டது. அண்ணாமலையார் கோயிலின் மதில்களுக்கு இடைப்பட்ட நிலத்தில் நாற்றங்கால் அமைக்கப்பட்டு, உள்நாட்டு மரவகைகளின் கன்றுகள் வளர்க்கப்பட்டன.

இந்நிகழ்வு நம் அளவுகோலுக்கே ஒரு சோதனையாகின்றது. அடியவர்க்கு அம்மலை இலிங்கத்தைப் போன்றதன்று, இலிங்கமே அது. ‘போல’ அங்கு இல்லை. எனினும் அவ்வொருமை மலைக்கும் இறைக்கும் இடையில் நிற்கின்றது. வலம்வருபவர் தம்மை மலையென்று கூறிக்கொள்வதில்லை. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் சுற்றுப்பாதையில் நடக்கும்போது மலை எப்போதும் அவருக்கு வலப்புறத்தில், அவரினும் பெரிதாய், பேசாதிருக்கின்றது. வேற்றுமை காலடிகளால் பேணப்படுகின்றது.

இதனைக் கொண்டு நம் சடங்கை உயர்த்தி அயலார் சடங்கைத் தாழ்த்துதல் நேர்மையாகாது. நூற்றாண்டுகளாக வலம்வந்து வணங்கப்பட்ட அம்மலைதான் மொட்டையாகிக் கிடந்தது. வணக்கம் விறகுக்கான வெட்டையும் மேய்ச்சலையும் கோடைத் தீயையும் தடுக்கவில்லை. மறுபுறம், முகமூடி அணிந்து பேசும் சடங்கை உருவாக்கியவர்தான் அம்மலைக்கு மரக்கன்றுகள் கிடைக்க வழிசெய்தார். எனவே சடங்கின் மதிப்பை அதன் தொன்மையைக் கொண்டோ, அது எழுப்பும் உணர்ச்சியின் அளவைக் கொண்டோ அறுதியிட இயலாது. சடங்கு முடிந்த மறுநாள் யார் எந்தக் குழியைத் தோண்டுகிறார், எந்தக் கன்றுக்கு நீர் ஊற்றுகிறார் என்பதே அதன் உரைகல். கன்று பிழைத்ததா பட்டுப்போனதா என்னும் செய்தியில்தான் மலை, மனிதர் எழுதித்தராத மறுமொழியை அளிக்கின்றது.

8. முடிவுரை

அனைத்துயிர் அவை, சூழல் அழிவின் துயரைத் தனிமனித நெஞ்சிலிருந்து பொதுவெளிக்குக் கொணர்ந்தது. மனிதரை ஒருபொழுதேனும் பேசாது கேட்கவைத்தது. இவை எளிய சாதனைகள் அல்ல. அறிவு மிகுந்து அசைவு குறைந்த இக்காலத்தில் இத்தகைய கூடல்களின் தேவை குறையவில்லை.

ஆயினும் இச்சடங்கின் அறம் அதன் நூற்பெயரிலுள்ள ‘போல’ என்னும் சொல்லைக் காப்பதில் அடங்கியுள்ளது. அதற்கு மூன்று நிபந்தனைகள் வேண்டப்படும் என்பது இவ்வாய்வின் முடிபு. முதலாவது, பேச எடுத்துக்கொண்ட உயிரைக் குறித்த கள அறிவு. இரண்டாவது, அவ்வுயிர் நம்மை வாழ்த்த வேண்டிய கடமையற்றது, நம்மினும் வேறானது என்னும் ஒப்புதல். அந்நிலத்தில் வாழும் மனிதரின் முன்னுரிமையும் இதனுள் அடங்கும். மூன்றாவது, பேச்சைத் தொடரும் உழைப்பு. லியோபோல்டிடம் முதலாவதும், பிளம்வுட்டிடம் இரண்டாவதும், அருணாசலத்தின் நாற்றங்காலில் மூன்றாவதும் புலப்படுகின்றன.

தமிழாய்வுலகிலும் திணைக்கோட்பாட்டைச் சூழலியலோடு இணைத்து எழுதும் கட்டுரைகள் பெருகிவருகின்றன. அவற்றுள் பல, சங்கத் தமிழர் இயற்கையோடு ஒன்றியே வாழ்ந்தனர் என்று கூறி நிறைவடைகின்றன. ஒன்றுதல் என்னும் அச்சொல்லே மறு ஆய்வுக்குரியது. புன்னையைத் தமக்கை என்றவர் அதனோடு ஒன்றிவிடவில்லை; அதன் முன் நாணினார். அந்நாணம் எவ்வகை நடத்தைகளாக, எவ்வகைத் தடைகளாக, எவ்வகைக் கடமைகளாகப் பாடல்களில் வெளிப்படுகின்றது என்பதைத் தொகுத்து ஆராய்வது இனி செய்யத்தக்க பணியாகும்.